வீட்டுப் பூனைக்கு விளையாட்டு: வெப்கேமும் எக்ஸெலும் சொல்லித் தந்தவை

கம்ப்யூட்டரும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லேப்டாப் இதமாகச் சூடாக இருக்கிறது என்று அதன் மேல் ஏறிப் படுக்கும். ஸ்க்ரீனில் ஓடும் கர்சரை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். நாம் டைப் செய்ய உட்கார்ந்த உடனே கைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வந்து நிற்கும்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் கமிஷன் கடைக்கு வீட்டில் இருந்தபடியே கணக்கு பார்க்கிறேன். மின்னணு ஏலம் முடிந்ததும் லாட் வாரியாக எடையையும் ரேட்டையும் எக்ஸெல்லில் ஏற்றுவது என் வேலை. ஒரு நாள் டீ குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் லேப்டாப் மேல் எங்கள் கருப்பி படுத்திருக்கிறது. ரேட் காலத்தில் ஒரு செல் முழுக்க எட்டுகள்! கண்ட்ரோல் + இசட் கொடுத்து ஒருவழியாக மீட்டு விட்டேன்.

ஆனால் அன்று என்னை யோசிக்க வைத்தது அந்த எட்டுகள் அல்ல. முன்பெல்லாம் நான் "ஏய்!" என்றாலே கருப்பி குதித்து ஓடிவிடும். அன்று அசையவே இல்லை. இரண்டு கையாலும் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அது எவ்வளவு கனத்துப் போயிருக்கிறது என்று தெரிந்தது.

மலையில் இருந்து இறங்கி வந்த பூனை

கருப்பி எங்கள் பூனை அல்ல, பெரியம்மாவின் பூனை. பெரியப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் பல வருடம் மேஸ்திரியாக இருந்தார். பச்சை ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறதே, அங்கேதான் கருப்பி பிறந்தது. மழைக்காலக் குளிரில் ஸ்டோரின் சூடு பூனைக்குச் சொர்க்கம். எலிக்கும் குறைவில்லை. இரவெல்லாம் ஓட்டமும் பாய்ச்சலும்தான்.

பெரியப்பா தவறிய பிறகு பெரியம்மாவை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முந்தல் வழியாக ஜீப் வந்து சேர்ந்தபோது, அவர் மடியில் ஒரு பிரம்புக் கூடை, கூடைக்குள் கருப்பி. அந்த வாழ்க்கையில் இருந்து பெரியம்மா கொண்டு வந்த உயிருள்ள பொருள் அது ஒன்றுதான்.

எங்கள் தெருவில் பைக்குகளும் நாய்களும் அதிகம். வெளியே விட்டால் திரும்பி வருமா என்ற பயத்தில் கதவைச் சாத்தியே வைத்தோம். பெரியம்மாவும் பாவம் என்று மூன்று வேளையும் பால் சோறு, கருவாடு என்று ஊட்டினார். ஒன்றரை வருடத்தில் கருப்பி தின்பதும் தூங்குவதுமாக ஆகிவிட்டது.

"ஏப்பா, மலையில ராத்திரி முழுக்க ஓடிக்கிட்டு இருந்த பூனைப்பா இது. இங்க வந்து சாக்கு மூட்டை மாதிரி கிடக்குது. என்னை மாதிரியே ஆயிருச்சு" என்றார் பெரியம்மா ஒருநாள். கடைசி வாக்கியம்தான் மனதைத் தைத்தது.

கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். நோய் எதுவும் இல்லை, எடைதான் அதிகம், இப்படியே விட்டால் சர்க்கரை நோயும் மூட்டு வலியும் வரும் என்றார். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஓட விடச் சொன்னார். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்: குண்டான பூனையைத் திடீரென்று பட்டினி போடக் கூடாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதைப் பூனை வளர்க்கும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஓட விடுவது எப்படி? நாய் என்றால் கயிறு கட்டி நடக்க அழைத்துப் போகலாம். பூனையை என்ன செய்வது? கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி, முதலில் கணக்கு எடுப்பதுதான்.

முதல் வேலை: எடை

பூனை தராசில் நிற்காது. ஏலக்காய் எடை போடும் எலக்ட்ரானிக் தராசு இதற்கு மிக வசதி. காலி அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து 'டேர்' பட்டனை அழுத்தினால் எடை பூஜ்யமாகிவிடும். பிறகு பெட்டிக்குள் பூனையை விட்டால் பூனையின் எடை மட்டும் தெரியும். கருப்பி 6.1 கிலோ. கூடையில் வந்தபோது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும் என்பது பெரியம்மாவின் கணக்கு.

வீட்டில் இந்தத் தராசு இல்லாதவர்கள், ஆள் நிற்கும் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும், தனியாக ஒரு முறையும் நின்று கழித்துக்கொள்ளலாம். எக்ஸெல்லில் ஒரு செல்லில் கண்ட்ரோல் + ; அழுத்தினால் அன்றைய தேதி தானாக விழும். பக்கத்துச் செல்லில் எடையை எழுதுங்கள். வாரம் ஒரு முறை போதும்.

இரண்டாவது வேலை: வெப்கேம்

நான் தினமும் மதியம் சாப்பிட்ட பிறகு, இரண்டு மணிக்கு ஒரு பந்தை உருட்டிப் பார்ப்பேன். கருப்பி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். இதற்கு விளையாட்டே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். ஆனால் நாங்கள் பார்க்காதபோது அது என்ன செய்கிறது?

சும்மா கிடந்த யூஎஸ்பி வெப்கேமை ஹாலில் அலமாரி மேல் வைத்து, பழைய கம்ப்யூட்டரில் இணைத்து, மோஷன் டிடெக்‌ஷன் வசதி உள்ள ஒரு இலவச சாஃப்ட்வேரை நிறுவினேன். பழைய ஆண்ட்ராய்டு போனையும் இதுபோல் கண்காணிப்புக் கேமராவாக மாற்றலாம். அதற்கான ஆப்கள் பல இருக்கின்றன.

மோஷன் டிடெக்‌ஷன் எப்படி வேலை செய்கிறது? கேமரா ஒரு விநாடிக்குப் பல படங்கள் எடுக்கிறது. சாஃப்ட்வேர் ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுகிறது. நாம் கொடுத்த அளவுக்கு மேல் புள்ளிகள் மாறியிருந்தால், ஏதோ அசைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ரெக்கார்டிங்கைத் தொடங்குகிறது. அசைவது பூனையா, காற்றில் ஆடும் திரையா என்று இந்தச் சாதாரண முறைக்குத் தெரியாது.

முதல் வாரம் 412 கிளிப்கள் சேர்ந்துவிட்டன. மகிழ்ச்சியாகத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் நடிகர், சுவரில் மாட்டிய தினசரி காலண்டர்! மீதியில் பாதி ஃபேன் நிழல். செட்டிங்ஸில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஒன்று, 'மாஸ்க்' வசதியில் காலண்டர் இருக்கும் பகுதியை மறைத்து, தரைப் பகுதியை மட்டும் கவனிக்கச் சொன்னேன். இரண்டு, சென்ஸிட்டிவிட்டியைக் குறைத்தேன். இரவுக்கு ஒரு ஜீரோ வாட் பல்பு போதுமாக இருந்தது. இன்ஃப்ராரெட் உள்ள கேமரா என்றால் அதுவும் தேவையில்லை.

எக்ஸெல் சொன்ன பதில்

இப்படிப்பட்ட சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் கிளிப் எடுத்த தேதியையும் நேரத்தையுமே ஃபைல் பெயராக வைக்கும். அதை எக்ஸெல்லுக்குக் கொண்டு வர ஒரு எளிய வழி:

1. ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல் + ஏ கொடுத்து எல்லா ஃபைல்களையும் தேர்ந்தெடுங்கள்.

2. ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்து 'காப்பி அஸ் பாத்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

3. எக்ஸெல்லில் பேஸ்ட் செய்யுங்கள். ஃபைல் பெயர்கள் வரிசையாக விழும்.

4. டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' மூலம் தேதியையும் மணியையும் தனித்தனிக் காலமாகப் பிரியுங்கள்.

5. 'கவுண்ட்இஃப்' ஃபங்ஷன் கொண்டு ஒவ்வொரு மணிக்கும் எத்தனை கிளிப் என்று எண்ணி, ஒரு காலம் சார்ட் போடுங்கள்.

இரண்டாவது வாரம் 96 கிளிப்கள். அதில் காலை 5 முதல் 7 மணிக்குள் 41. மாலை 6 முதல் இரவு 9 மணிக்குள் 37. நாளின் மற்ற நேரம் எல்லாம் சேர்த்து 18. நான் பந்து உருட்டும் மதிய நேரத்தில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை.

சார்ட்டைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. கடை பூட்டிய பிறகு போய்க் கதவைத் தட்டிவிட்டு வியாபாரம் இல்லை என்று சொன்ன கதைதான்! பூனை விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடும் பிராணி. நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்குவது அதற்கு இயல்பு. தப்பு பூனையிடம் இல்லை, என் டைம் டேபிளில்தான்.

விளையாட்டு என்றால் வேட்டை

நேரம் தெரிந்துவிட்டது. அடுத்து, எதைக் கொண்டு விளையாடுவது?

இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா ஹால், ஜான் பிராட்ஷா ஆகியோர் செய்து 2002-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இந்தக் கேள்விக்கு நல்ல விடை தருகிறது. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பூனை சீக்கிரம் ஆர்வம் இழக்கிறது. உடனே வேறு பொம்மையைக் காட்டினால் ஆர்வம் திரும்புகிறது. அதாவது பூனைக்கு விளையாட்டு சலிக்கவில்லை, அந்தப் பொம்மைதான் சலித்துவிட்டது. அதே குழுவினர் முன்பு கண்டறிந்தது, பசியோடு இருக்கும் பூனை இன்னும் வேகமாக விளையாடுகிறது என்பது. பூனையைப் பொறுத்தவரை வேட்டையும் விளையாட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இதில் இருந்து நான் போட்டுக்கொண்ட விதிகள்:

* காலை தீனிக்கு முன் 10 நிமிடம், மாலை தீனிக்கு முன் 10 நிமிடம். தொடர்ந்து அரை மணி நேரம் ஓட விட வேண்டியதில்லை. பூனை பதுங்கி, பாய்ந்து, ஓய்வெடுக்கும் பிராணி.

* பொம்மை பூனையை நோக்கி வரக் கூடாது, விலகி ஓட வேண்டும். எந்த எலி பூனையின் முகத்தில் வந்து முட்டுகிறது?

* நாலு பொம்மைகள். ஒரு நாளைக்கு ஒன்று. மற்றவை அலமாரிக்குள்.

* விளையாட்டு முடிந்ததும் உடனே தீனி. வேட்டை, பிடி, தின், தூங்கு என்ற வரிசை பூர்த்தியாகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இங்கிலாந்தின் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வெளியே போய் வரும் பூனைகளோடு தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாடியதில், அவை பிடித்து வந்த பறவை, எலி முதலியவற்றின் எண்ணிக்கை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சி அதிகமுள்ள தீனி கொடுத்த வீடுகளில் 36 சதவீதம் குறைந்தது. மலைச் சரிவில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். கருப்பி மேலே இருந்தபோது எலி மட்டுமா பிடித்தது? அணிலும் சிட்டுகளும் எத்தனை என்று பெரியம்மா விரல் விட்டு எண்ணுகிறார். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளுக்கும் சேர்த்தே நாம் பூனையோடு விளையாட வேண்டியிருக்கிறது.

லேசர் பாயிண்ட்டர்: நல்லதா, கெட்டதா?

எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான். நானும் வாங்கினேன். சிவப்புப் புள்ளியைத் தரையில் ஓட்டியதும் கருப்பி எழுந்து ஓடியது! பெரியம்மா கைதட்டிச் சிரித்தார்.

லேசரைக் கொண்டு பூனைக்கு உடற்பயிற்சி தரும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா? 1995 ஆகஸ்டில் கெவின் அமிஸ், மார்ட்டின் அபட் இருவருக்கும் வழங்கப்பட்டது. எண் 5,443,036. நம் வீட்டுப் பூனையோடு விளையாட ராயல்டி கட்ட வேண்டுமோ என்று பயப்படாதீர்கள், அது காலாவதியாகிப் பல வருடமாகிவிட்டது.

இதைவிடப் பெரிய செய்தி 2023 டிசம்பரில் வந்தது. நாசாவின் 'சைக்கி' விண்கலம் சுமார் 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருந்து லேசர் கற்றை வழியாக 15 விநாடி வீடியோ ஒன்றைப் பூமிக்கு அனுப்பியது. விநாடிக்கு 267 மெகாபிட் வேகம். ஒளியின் வேகத்தில் வந்தும் 101 விநாடி ஆனது. அந்த வீடியோவில் இருந்தது என்ன? 'டேட்டர்ஸ்' என்ற ஆரஞ்சு நிறப் பூனை, சோபா மேல் லேசர் புள்ளியைத் துரத்தும் காட்சி! நாசா ஆய்வகத்தின் ஊழியர் ஒருவர் வளர்க்கும் பூனை அது.

ஆனால் எங்கள் வீட்டில் இரண்டாவது வாரமே சிக்கல் வந்தது. லேசரை அணைத்த பிறகும் கருப்பி சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெப்கேம் கிளிப்களைப் பார்த்தால், இரவு பத்து மணிக்கும் புள்ளி மறைந்த மூலையைப் பிராண்டிக்கொண்டு இருக்கிறது. தட்டில் பட்ட வெயில் சுவரில் மின்னினாலும் பதறுகிறது.

"அதுக்கு ஏக்கம் பிடிச்சிருக்குப்பா. ஓடி ஓடி என்ன கிடைச்சது அதுக்கு?" என்றார் பெரியம்மா. அவர் சொன்னதுதான் சரி. புள்ளியைப் பிடிக்கவே முடியாது. லேசர் விளையாட்டு அதிகம் உள்ள வீடுகளில் பூனைகள் ஒளியையும் நிழலையும் விடாமல் துரத்துவது போன்ற பழக்கங்கள் அதிகம் தெரிவிக்கப்படுவதாக 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. லேசர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் சொல்கிறது. எனக்கு அதுவே போதுமான எச்சரிக்கை.

நான் ஒரு மாதம் லேசரை நிறுத்திவிட்டேன். இப்போது வாரம் ஒரு நாள், மூன்று நிமிடம். கடைசியில் புள்ளியை ஒரு துணிப் பொம்மையின் மேல் கொண்டு போய் நிறுத்துவேன். கருப்பி பொம்மையைப் பிடித்ததும் அணைத்துவிட்டு ஒரு துண்டு மீன். லேசர் வாங்குவதாக இருந்தால் 1 மில்லிவாட்டுக்குக் குறைவான கிளாஸ் 2 வகையை மட்டும் வாங்குங்கள். பூனையின் கண்ணிலோ மனிதர் கண்ணிலோ படவே கூடாது. கண்ணாடி, டைல்ஸ் மேல் அடித்தால் எதிரொளிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

டேப்லெட் கேம்

பூனைகளுக்கென்றே டேப்லெட் கேம்கள் இருக்கின்றன. ஸ்க்ரீனில் மீன் நீந்தும், பூனை காலால் தட்டினால் சத்தம் வரும். கருப்பி முதல் மூன்று நாள் தட்டியது. நான்காம் நாள் டேப்லெட்டைத் தூக்கிப் பார்த்தது, மீன் அடியில் ஒளிந்திருக்கிறதா என்று! ஒன்றும் இல்லை என்றதும் போய்விட்டது. இங்கும் அதே பிரச்சினைதான், கையில் எதுவும் சிக்குவதில்லை. மழைக்காலத்தில் என்றைக்காவது ஒரு நாளைக்குப் பரவாயில்லை. ஸ்க்ரீன் கார்டு ஒட்டிவிட்டு, விளம்பரங்களில் கால் படாமல் இருக்க இன்டர்நெட்டை அணைத்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பூனை எதையாவது ஆர்டர் செய்துவிடும்.

பழைய கம்ப்யூட்டர் சாமான்களில் பொம்மை

கடையில் வாங்க வேண்டியதே இல்லை. என் மேஜைக்கு அடியில் கிடந்தவற்றில் தேறியவை இவை:

மானிட்டர் வந்த அட்டைப் பெட்டி: இரண்டு பக்கமும் பூனை நுழையும் அளவு ஓட்டை போட்டால் குகை தயார். ஓட்டை வழியாக ஒரு குச்சியை நீட்டி இழுத்தால் பாய்ச்சலைப் பார்க்கலாம். பின் அடித்த கம்பிகளையும் தெர்மாகோலையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

பழைய சிடி: விளிம்பு உடையாத சிடியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் குருவிகள் விலகிப் போகும், பூனைக்கு எட்டாது. உள்ளே தொங்கவிடாதீர்கள். எங்கள் வீட்டில் சுவரில் ஆடும் வெளிச்சம் லேசர் கதையாகவே ஆகிவிட்டது.

சணல் சாக்கு: மேஜைக் காலில் சாக்கை இறுக்கிச் சுற்றிக் கட்டினால் நகம் பிராண்டும் தூண். சோபா தப்பித்தது.

பிங்பாங் பந்து: சிபியூ வந்த பெட்டியின் அடிப்பாகத்தில் போட்டுவிட்டால் வெளியே உருண்டு ஓடாது. பூனை தனியாகவே ஆடும்.

தீனிப் பெட்டி: பிரிண்டர் வந்த அட்டையில் பூனையின் கால் நுழையும் அளவுக்கு ஏழெட்டு ஓட்டைகள் போட்டு உள்ளே தீனியைச் சிதறிவிடுங்கள். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துத் தின்னும். தட்டில் வைத்தால் ஒரு நிமிடம், இதில் 15 நிமிடம்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

கயிறு, நூல், ரப்பர் பேண்ட், ரிப்பன்: விளையாடியதும் பூட்டி வையுங்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி இருப்பதால், வாயில் போன நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிக்கொண்டே போகும். அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும். நானும் ஒரு நாள் இறகு கட்டிய கயிற்றைத் தரையிலேயே விட்டுவிட்டேன். ஒரு சாண் கயிறு வாய்க்குள் போன பிறகுதான் பெரியம்மா பார்த்தார். நல்லவேளை, அப்போதுதான் கடிக்கத் தொடங்கியிருந்தது. ஏற்கெனவே விழுங்கிய நூலின் நுனி வெளியே தெரிந்தால் இழுக்கவே கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வயர்கள்: சார்ஜர், இயர்போன் வயர்களைக் கடிக்கும் பூனைகள் உண்டு. மேஜைக்குப் பின்னால் பிவிசி பைப்பைப் பிளந்து வயர்களை அதற்குள் விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் ஸ்விட்ச் போர்டில் அணையுங்கள்.

தோட்டத்துச் சாமான்கள்: பெரியம்மாவுக்கு ஆசை, மேலே இருந்து காய்ந்த ஏலச் செடித் தண்டு கொண்டு வரச் சொல்லி இழுத்து விளையாட. வேண்டாம் என்றேன். ஏலத்தோட்டங்களில் பூச்சி மருந்து அடிப்பது அதிகம். பூனை தொட்டதையெல்லாம் நக்கும். எலி மருந்து தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு ஆபத்துதான்.

பாலிதீன் பைகள்: ஏலக்காய் மூட்டைக்குள் போடும் கறுப்புப் பைகளின் சரசரப்பு பூனைக்கு ரொம்பப் பிடிக்கும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடும், பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். ஆனால் தலை மாட்டினால் மூச்சு முட்டிவிடும். பேப்பர் பை கொடுங்கள், கைப்பிடியை வெட்டிவிட்டு.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி: வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் போட வேண்டும். கையை நீட்டி விளையாடாதீர்கள், எப்போதும் குச்சிதான். கடித்தாலோ பிராண்டி ரத்தம் வந்தாலோ சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கீபோர்டைக் காப்பாற்ற

பூனையின் கதை சொல்லிவிட்டுக் கீபோர்டை மறந்தால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். நாற்காலியில் இருந்து எழும்போது விண்டோஸ் கீ + எல் அழுத்தப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன் லாக் ஆகிவிடும், பூனை எதை மிதித்தாலும் உங்கள் ஃபைல் பத்திரம். ஒருவேளை பூனை படுத்து எழுந்த பிறகு கீபோர்டு வேலை செய்யவில்லை என்றால் பதறாதீர்கள். வலது ஷிஃப்ட் கீயை எட்டு விநாடி அழுத்தியதால் 'ஃபில்டர் கீஸ்' ஆன் ஆகியிருக்கலாம். செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள்.

இதற்கென்றே ஒரு சாஃப்ட்வேரும் இருந்தது. அமெரிக்காவின் கிறிஸ் நிஸ்வாண்டர் எழுதிய 'பாசென்ஸ்', கீகள் அழுத்தப்படும் விதத்தை வைத்தே பூனைக் கால் என்று கண்டுபிடித்துக் கீபோர்டை முடக்கி, பூனைக்குப் பிடிக்காத சத்தத்தை எழுப்பும். 2000-ல் இதற்குக் கம்ப்யூட்டர் துறைக்கான 'இக் நோபல்' கேலிப் பரிசு கிடைத்தது.

ஆனால் நான் கண்டுகொண்ட சிறந்த சாஃப்ட்வேர் வேறு. காலையில் நன்றாக ஓடி விளையாடித் தின்ற பூனை, நான் வேலை செய்யும் நேரத்தில் கீபோர்டுப் பக்கமே வருவதில்லை. தூங்கப் போய்விடுகிறது.

முடிவில்...

ஐந்து மாதம் ஆகிறது. கருப்பியின் எடை இப்போது 5.2 கிலோ. இன்னும் குறைய வேண்டும், ஆனால் அவசரமில்லை, வாரத்துக்குச் சுமார் 40 கிராம் வீதம் இறங்குகிறது. மூன்றாம் மாதத்தில் ஒரு வாரத்து கிளிப்களை எண்ணினேன், 233. எக்ஸெல் சார்ட்டில் காலை, மாலை என்று இரண்டு மலைகள் நன்றாக எழும்பி நிற்கின்றன.

அந்தக் கிளிப்களில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. காலை ஐந்தேகால் மணி கிளிப்களில் கருப்பி மட்டும் இல்லை. நான் எழுந்திருக்கும் முன்பே பெரியம்மா எழுந்து, குச்சியில் கோழி இறகைக் கட்டிக்கொண்டு ஹாலின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கிறார். கருப்பி பின்னாலேயே பாய்கிறது. முட்டி வலி என்று வாசல் வரைக்கும் வராதவர். வீடியோவில் சத்தம் இல்லை, ஆனால் அவர் ஏதோ பேசிக்கொண்டே நடப்பது தெரிகிறது.

கேட்டேன். "மலையில அந்த நேரத்துக்குத்தான்பா உங்க பெரியப்பா ஸ்டோரைத் திறக்கப் போவாரு. இதுவும் பின்னாலயே ஓடும். எங்களுக்கு அந்த நேரம் பழக்கம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் சும்மா கிடக்கும் வெப்கேம் ஒன்று இருக்கும். ஒரு வாரம் மாட்டிப் பாருங்கள். பூனை விளையாடும் நேரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் பத்து நிமிடம், ஒரு குச்சி, ஓர் இறகு. செலவு எதுவும் இல்லை!